பழைய பதினேழு, புதுப் பதினேழு

“இது பழைய பதினேழா, புதுப் பதினேழா, பாப்பா?”

இடது தோளில் தப்புப் பறை தொங்க, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்ற ஆள் என்னைக் கேட்டார். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் தலையை ஆட்டினேன். என் தலையாட்டல் எங்கள் ரப்பர் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் ஒரே மாதிரிதான் ஆட்டுவேன். பள்ளிக்கூடத்தில் இருந்த நாலு வருஷமும் வாத்தியார், “இது எந்த ஆட்டம், சொல்லிட்டு ஆட்டு” என்று கெஞ்சியிருக்கிறார். பிறகு ஜப்பான்காரன் வந்தான், பள்ளிக்கூடத்தை மூடினார்கள். திரும்பத் திறந்தபோது நான் போகவில்லை. யாரோடும் பேசத் தேவையில்லாத வீட்டு வேலையே எனக்குப் பிடித்திருந்தது. பேச வேண்டியதையெல்லாம் ரப்பர் பால் நிறுக்கிற ஸ்தோரில் தூக்கிப்போட்ட பழைய நிறுவைப் புத்தகங்களின் பின்பக்கத்தில் எழுதி அரிசிப் பானைக்குள் போட்டுவைப்பேன். பானையில் அரிசி இல்லாத காலம் அது. அதனால் யாரும் திறந்து பார்க்கவில்லை.

அந்த ஆள் கேட்ட கேள்வியில் தப்பில்லை. ஜப்பான்காரன் வந்த பிறகு எங்கள் தோட்டத்தில் எல்லாமே இரண்டு இரண்டாகிவிட்டது. ஆபீஸ் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். ஜப்பானில் என்ன மணியோ அதுதான் எங்கள் ரெம்பாவிலும் மணி. ஆறு மணிக்குப் பிரட்டில் பேர் கூப்பிடுவார்கள் என்றால் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆபீஸ் பலகையில் வருஷம் இரண்டாயிரத்து அறுநூற்று மூன்று என்று எழுதியிருந்தது. கோவிலில் ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்து வேறொன்று சொல்வார். கடைசியில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்கும் நம்பர் மாறியது. முன்பு கோவிலடியிலிருந்து எண்ணிக்கொண்டு வருவோம். இப்போது ஆபீஸ் பக்கமிருந்து எண்ணி, ஒவ்வொரு கதவிலும் வெள்ளைப் பெயிண்டால் எழுதிவிட்டுப் போனார்கள். எங்கள் வீடு முப்பத்து மூன்றாக இருந்து பதினேழாகிவிட்டது. யார் எந்த எண்ணைச் சொன்னாலும் எதிரில் நிற்பவர், “பழசா, புதுசா?” என்று கேட்டே தீர வேண்டும். கேட்காதவர்கள் பட்டிருக்கிறார்கள். கேட்டும் பட்டவர் தங்கராஜு. அதற்குக் காரணம் நான்.

அவர் பெயர் தங்கராஜு என்பதும், பக்கத்துத் தோட்டத்துத் தப்புக்காரர் என்பதும் எனக்கு அப்போதே தெரியும். அன்று விடிகாலையில் லயத்தின் கோவில் பக்கத்தில், பழைய பதினேழில், வீரமுத்துப் பெரியவர் இறந்துபோயிருந்தார். எண்பதை நெருங்கியவர். கிழங்கையும் கீரையையும் தின்று ஊரே வாடிக் கிடந்த நாளில் தூக்கத்திலேயே போனவர். அதனால் பெண்கள்கூட, “கொடுத்து வச்ச மனுசன், கல்யாணச் சாவு” என்றார்கள். அவருடைய மகன் ஆறுமுகம் ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியிடம் போய் ஒரு நாள் லீவு வாங்கிக்கொண்டு, சைக்கிளில் போய்த் தங்கராஜுவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான். பதினேழாம் நம்பர் என்று சொன்னானே தவிர, எந்தப் பதினேழு என்று சொல்லவில்லை. அப்பா செத்த துக்கத்தில் யாருக்குத்தான் அது ஞாபகம் வரும்?

நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தது வேறு காரணத்துக்காக. உள்ளே அண்ணன் அர்ச்சுனன் காய்ச்சலில் கிடந்தான். அவன் பெயர் சயாமில் ஜப்பான்காரன் போடும் ரயில் பாதை வேலைக்குப் போகிறவர்களின் பட்டியலில் இருந்தது. சித்திரையில் வந்த முதல் லோரி எங்கள் தோட்டத்திலிருந்து முப்பது பேரை ஏற்றிக்கொண்டு போனது. மூன்று மாதத்தில் திரும்புவார்கள் என்றார்கள். ஒரு கடிதாசிகூட வரவில்லை. இரண்டாவது பட்டியலைக் கிராணி பிரட்டில் படித்தபோது அண்ணனுக்கு இருபத்தொரு வயது என்பதையும் சேர்த்துப் படித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் லோரி வரும், வராதவனை வீட்டுக்கே வந்து தூக்குவார்கள் என்று சொன்னார். அன்றுதான் அந்த மூன்றாம் நாள். மலாய்க்காரர்களின் கம்பத்து வழியாக அண்ணனை ராசா என்ற ஊரில் இருக்கும் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அம்மா இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் காய்ச்சல் விட்டால்தானே? எழுந்து நின்றால் கால் மடங்கியது. குளிர் வந்தால் பாய் முழுக்க நடுங்கியது. அம்மா தன் பழைய சேலை, இரண்டு கோணி எல்லாவற்றையும் அவன் தலையோடு சேர்த்துப் போர்த்திவிட்டு, என்னை வாசலில் உட்கார வைத்தாள்.

“லோரி திரும்புறது தெரிஞ்சா ஒரு கத்து கத்து. நான் பின்பக்கமா அவனை இழுத்துக்கிட்டாவது ரப்பர் காட்டுக்குள்ள போயிடுறேன்.”

கத்து என்று அம்மா சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

தங்கராஜு என் தலையாட்டலைப் பார்த்தார், கதவில் எழுதியிருந்த 17ஐப் பார்த்தார், திருப்தியானார். மூலையிலிருந்த காய்ந்த ஓலையையும் ரப்பர் சருகையும் கூட்டிவந்து வாசலில் நெருப்பு மூட்டி, தப்பைத் திருப்பித் திருப்பிச் சூடு காட்டினார். இங்கே சூடு காட்டிவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். விரலால் தோலைச் சுண்டிப் பார்த்தார். கண்ணை மூடினார். அடித்தார்.

கல்யாணச் சாவுக்கு அடிக்கிற அடி அது. துள்ளலாக, குழந்தைகள் ஆடுகிற மாதிரி. மூன்று பேர் சேர்ந்து அடித்தால் எழும் சத்தத்தை ஒரே ஆள் எழுப்பினார். வாசலில் மேய்ந்த கோழி இரண்டு தடவை குதித்துவிட்டு வேலியைத் தாண்டியது.

அம்மா வெளியே வந்தாள். கையில் கஞ்சிக் கரண்டி.

“யோவ்! நிறுத்துய்யா! எவன் வீட்டுல வந்து என்னத்த அடிக்கிற?”

கண்ணைத் திறக்காமலே அவர் அடியை வேகமாக்கினார். செத்த வீட்டில் பெண்கள் கத்துவது அவருக்குப் புதிதா? அம்மா கத்தக் கத்த அவருக்கு உற்சாகம் கூடியது. “பாவி! உன் கை விளங்காம போவ! என் வாசலைப் பாத்து அடிக்கிறியே!” என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். அதைக் கேட்டு அவர் ஒரு சுற்றுச் சுற்றி, காலைத் தூக்கி வைத்து ஆடினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் உள்ளே கிடக்கிறான், மத்தியானம் லோரி வரப்போகிறது, எனக்குச் சிரிப்பு வருகிறதே என்று பயமாகவும் இருந்தது.

கடைசியில் அம்மா கரண்டியால் தப்பின் விளிம்பில் ஒன்று போட்டாள். அவர் கண்ணைத் திறந்தார். முகம் இளகியது.

“அழுதுடும்மா. மனசுக்குள்ள வச்சுக்கக் கூடாது. என்ன வயசு?”

“இருபத்தொண்ணுய்யா! எம் புள்ளைக்கு இருபத்தொண்ணு!”

“ஐயோ! பெரிய உசுருன்னுல்ல ஆறுமுகம் சொன்னான்? மன்னிச்சுக்கம்மா. தெரியாம ஆட்டத்துக்கு அடிச்சுட்டேன்.” அவர் உண்மையாகவே கூசிப்போனார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். “சின்ன வயசுக்கு அடிக்கிறதே வேற. மூணு பேரு செட்டும்மா நாங்க. ரெண்டு பேரைச் சயாமுக்குக் கொண்டுட்டுப் போயிட்டான். ஒத்த ஆளா அடிக்கிறேன், கொறை இருந்தா பொறுத்துக்க.” குச்சியை ஓங்கினார்.

“எம் புள்ள உசுரோட இருக்கான்யா!” என்றாள் அம்மா.

ஓங்கிய குச்சி மேலேயே நின்றது.

“உசுரோடவா?”

“காய்ச்சல்ல கிடக்கான். செத்தது கோவில் பக்கம். வீரமுத்துப் பெரியவரு. பழைய பதினேழு.”

“பாப்பாகிட்ட கேட்டேனேம்மா. தலைய ஆட்டுச்சே.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மறுபடியும் தலையை ஆட்டினேன்.

அம்மா என்னை அடிக்கத்தான் வந்தாள். அடி விழுவதற்குள் எனக்குப் பின்னால், செம்மண் பாதை திரும்புகிற இடத்தில், லோரி கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. தப்புச் சத்தத்தில் நாங்கள் யாரும் பாதையைக் கவனிக்கவில்லை. மத்தியானம் என்றது ஜப்பான் மத்தியானம் என்பதும் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. லோரி பாலத்தடியில் நின்றது. முன்பக்கமிருந்து வாள் தொங்கிய ஜப்பான் அதிகாரி ஒருவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாக, கட்டுக் காகிதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிராணி இராஜரத்தினம்.

கிராணியைக் கண்டால் எங்களுக்கு ஜப்பான்காரனைக் கண்டதைவிடப் பயம். அந்த அதிகாரிக்கு எங்கள் முகம் தெரியாது. இவருக்கு எல்லாம் தெரியும். யார் வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வயசு, யார் எந்த நிரையில் பால் வெட்டுகிறார்கள் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகும் அந்த ஆபீசில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பட்டியலும் அவர் கையெழுத்துத்தான்.

அம்மாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போக நேரமில்லை. அவள் வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

“சயாமு.”

தங்கராஜு லோரியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் தப்பை நெஞ்சோடு அணைத்து, சின்ன வயசுக்கு அடிக்கிற அடியை அடிக்கத் தொடங்கினார். மெதுவான அடி. ஒன்று விழுந்து, அது அடங்கி, இனி வராது என்று நினைக்கும்போது அடுத்தது விழும்.

மூன்றாவது அடி வரைக்கும் அம்மா மரம்போல் நின்றாள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி வைக்க எந்தத் தாய்க்கு வாய் வரும்? நாலாவது அடியில் கொண்டையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு தரையில் விழுந்தாள். என்ன பாடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் திட்டியதையே ராகம் போட்டு இழுத்தாள். “கூப்பிடாம வந்தாயே… கொட்டடிச்சு நின்னாயே… நெருப்பு மூட்டிக் காய்ச்சினியே… என் நெஞ்சைக் காய்ச்சினியே…” கேட்பவர்களுக்கு அது எமனைச் சொல்கிற மாதிரி இருந்திருக்கும். தங்கராஜுவுக்கு மட்டும் தன்னைச் சொல்கிறாள் என்று தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டு அடித்தார்.

நான் உள்ளே ஓடினேன்.

“என்னடி சத்தம்?” என்றான் அண்ணன், சேலைக்கு உள்ளேயிருந்து.

“நீ செத்துப்போயிட்ட. பேசாத.”

“எப்ப?” என்றான்.

நான் அவன் வாயைப் பொத்தினேன். அவன் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது, ஆனால் குளிரில் பல் அடித்துக்கொண்டது. அந்தக் கோணியும் சேலையும் காற்றில் ஆடுகிற வாழை இலை மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. எந்த ஊரில் பிணம் இப்படி நடுங்கும்? நான் தோளைப் பிடித்து அழுத்தினேன், நிற்கவில்லை. கையைப் பிடித்தால் முழங்கால் ஆடியது. வெளியே பூட்ஸ் சத்தம் நெருங்கியது. வேறு வழி தெரியாமல் நான் அவன் மேலேயே குப்புற விழுந்து, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, சத்தமாக அழுதேன். அவன் நடுங்கினால் நானும் சேர்ந்து நடுங்கினேன். எந்த நடுக்கம் யாருடையது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. என் தொண்டையிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வருமென்று எனக்கே தெரியாது. வந்த பிறகு அதை நிறுத்தவும் தெரியவில்லை.

வெளியே கிராணியின் குரல்.

“ஆர் செத்தது?”

“பதினேழாம் நம்பருங்கய்யா,” என்றார் தங்கராஜு. அடியை நிறுத்தவில்லை.

“பதினேழோ?” என்று கிராணி திருப்பிக் கேட்டார். காகிதம் புரளுகிற சத்தம் வந்தது. காலையில் ஆறுமுகத்துக்கு லீவு கொடுத்தவரே இவர்தானே? யார் செத்தது என்று இந்தத் தோட்டத்தில் இவருக்குத் தெரியாதா?

அந்த நேரம் பார்த்து ஆறுமுகம் ஓடிவருகிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் தப்படிக்கிறதே, தன் வீட்டுக்கு ஆள் வரவில்லையே என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறான்.

“தங்கராஜண்ணே! இங்க என்ன பண்றீங்க? அங்க எங்கப்பா…”

நின்றுவிட்டான். வாளைப் பார்த்திருப்பான். லோரியைப் பார்த்திருப்பான். தரையில் தலைவிரி கோலமாய்க் கிடந்த அம்மாவைப் பார்த்திருப்பான். பிறகு அவன் குரல் உடைந்தது.

“எங்கப்பா… எங்கப்பா அர்ச்சுனா! போயிட்டியேடா! சொல்லாமப் போயிட்டியேடா!”

அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தேம்பித் தேம்பி அழுதான். காலையிலிருந்து காரியம் பார்ப்பதிலேயே ஓடிக்கொண்டிருந்தவனுக்கு அப்பனுக்காக அழ நேரம் கிடைத்திருக்காது. அந்த அழுகை முழுவதும் எங்கள் வாசலில் வந்து இறங்கியது. அதில் துளிகூடப் பொய்யில்லை.

பூட்ஸ் வாசற்படி ஏறியது. என் கைக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாகப் பார்த்தேன். சேறு அப்பிய இரண்டு பூட்ஸ், அதற்கு மேல் வாளின் நுனி. அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தபடி நின்றார். தொப்பியைக் கழற்றினார் என்று நினைக்கிறேன். கை மேலே போய்க் கீழே வந்தது. ஆனால் அவர் போகவில்லை. எதையோ பார்த்துக்கொண்டே நின்றார். எதை என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. தலையை மூடினால் போர்வை அண்ணனின் காலுக்கு எட்டாது. அவன் உயரம். நான் மேல் உடம்பைத்தான் கட்டிக்கொண்டிருந்தேன். கோணிக்கு வெளியே நீட்டியிருந்த இரண்டு பாதங்களும் தனியாக, தங்கராஜுவின் அடிக்குத் தாளம் போடுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தன.

அதிகாரி ஏதோ கேட்டார். சின்னக் கேள்வி.

கிராணி முன்னால் வந்தார். வாசலில் குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றினார். கழற்றி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். அதிகாரியைத் தாண்டி உள்ளே வந்து, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அண்ணனின் காலடியில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. பாதங்களைப் பார்த்தார். எங்களில் செத்தவர்களுக்குக் கால் கட்டை விரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள். அண்ணனுக்குக் கட்டியிருக்கவில்லை. அவசரத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

கிராணி கக்கத்திலிருந்த கட்டுக் காகிதத்தை எடுத்து மடியில் வைத்தார். அதைச் சுற்றிக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்தார். காகிதங்கள் சரிந்து தரையில் பரவின. எங்கள் தோட்டத்து ஆண்களின் பெயரெல்லாம் நீலமசியில் வரிசையாக அதில் இருந்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை. அண்ணனின் இரண்டு கட்டை விரல்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, நாடாவை மூன்று சுற்றுச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். முடிச்சுப் போட்டார். அதற்கு மேல் இன்னொரு முடிச்சு. பாதங்கள் அடங்கின. பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. செத்தவன் காலைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே ஜப்பான் பாஷையில் ஒரு சொல் சொன்னார். அது என்ன சொல் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வாசலில் அதிகாரி இரண்டு கையையும் சேர்த்து, இடுப்பை வளைத்துக் கும்பிட்டார். பூட்ஸ் சத்தம் படியிறங்கி, செம்மண்ணில் தேய்ந்து, பாலத்தடிப் பக்கம் போனது.

கிராணி தரையில் கிடந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஒன்றை மட்டும் முழங்காலில் வைத்து, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு வரியின்மேல் நீளமாகக் கோடு இழுத்தார். அழுத்திய அழுத்தில் பென்சில் முனை முறிந்தது. அதை ஊதிவிட்டார்.

“போயிட்டானா?” என்றது சேலைக்குள்ளிருந்து அண்ணனின் குரல்.

கிராணியின் கை அப்படியே நின்றது. நான் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தேன். அதுவரை அவர் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. நெற்றியெல்லாம் வேர்வை. கண்ணாடிக்குள் கண் சிவந்திருந்தது. அழுது அழுது என் தொண்டை திறந்திருந்தது. “ஐயா,” என்றேன்.

அவர் எழுந்தார். வாசலில் சப்பாத்துக்குள் காலை நுழைத்தார், கயிற்றைக் கட்டவில்லை. தரையில் கிடந்த அம்மா கையை நீட்டி அவர் காலைத் தொடப் போனாள். அவர் சட்டென்று ஒதுங்கிக்கொண்டார். ரப்பர் மரங்களுக்கு நடுவிலிருந்து காற்று வந்து, கட்டில்லாத காகிதங்களைப் புரட்டியது. அவர் அவற்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சப்பாத்துக் கயிறு மண்ணில் இழுபட, லோரியை நோக்கி நடந்தார்.